கரண்ட் திரும்பி வரும் நேரம்: மலையூர் வாசகர் கேள்வி பதில்

ஆனியும் ஆடியும் நம் மலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சீகை மரம் லைன் மேல் சாய்ந்தால் பத்து ஊர் இருட்டு. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடை, பட்டறை, விடுதி நடத்துபவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் படித்து முடித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கரண்ட் போனதால் யாருக்கும் பெரிய நஷ்டம் வரவில்லை. அது கோணலாக வந்தபோதும், போய்த் திரும்பி வந்த அந்த ஒரு நிமிடத்திலும்தான் பிரிட்ஜும் மோட்டாரும் போயிருக்கின்றன. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை, வருத்தம்தான் அதிகம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

குன்னூர் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறோம். போன மாதம் மழை பெய்த ஒரு சாயங்காலம் லைட் எல்லாம் திடீரென்று பளீரென்று எரிந்தது. ஐந்து நிமிடத்தில் பிரிட்ஜ், பில் போடும் கம்ப்யூட்டர், நாலு பல்பு எல்லாம் போய்விட்டன. பக்கத்து டெய்லர் கடையில் லைட் மங்கியதே தவிர ஒன்றும் போகவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா இப்படி?
*வாசகி, குன்னூர்*

அம்மா, உங்களுக்கு நடந்தது நியூட்ரல் அறுந்த கதை. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட். உங்கள் கடை ஒரு பேஸில், டெய்லர் கடை இன்னொரு பேஸில் இருந்திருக்கும். போஸ்ட்டிலோ டிரான்ஸ்பார்மரிலோ அந்தப் பொது நியூட்ரல் விட்டுப்போனால், உங்கள் கடையும் அவர் கடையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். அப்போது யார் கடையில் லோடு குறைவோ அவருக்குத்தான் வோல்டேஜ் அதிகம் போகும். அவர் அயர்ன் பாக்ஸ் போட்டிருப்பார், அது மட்டுமே 1000 வாட். உங்கள் அடுப்பு விறகு அடுப்பு. வர்க்கி சுடுவதற்குக் கரண்டே வேண்டாம், அதனால் உங்கள் லோடு பல்பும் பிரிட்ஜுமாக 300 வாட் இருந்தால் அதிகம். கணக்குப் போட்டால் உங்கள் பக்கம் 300 வோல்ட்டைத் தாண்டும், அவர் பக்கம் 100கூட இருக்காது.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. லைட் பளீரென்றதும் பதறிப்போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைப்போம். அப்படி அணைக்க அணைக்க நம் லோடு குறையும், மிச்சம் இருப்பதற்கு வோல்டேஜ் இன்னும் ஏறும். கடைசியாக அணைக்கலாம் என்று விட்டுவைத்த பிரிட்ஜ்தான் முதலில் போகும். அதனால் மற்ற எதையும் தொடாமல் நேராகப் போய் மெயினை இறக்குங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிட்டு, ‘கரண்ட் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஒரு கடையில் லைட் அதிகமாக எரியுது, பக்கத்துக் கடையில் மங்குது, நியூட்ரல் போயிருக்கும்’ என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு உடனே புரியும், லைன்மேனும் எதைத் தேடிப் போக வேண்டும் என்று தெரிந்து வருவார்.

இனி நடக்காமல் இருக்க, மெயினை அடுத்து ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் இரண்டுக்கும் தானாகக் கட் ஆகிற ரிலே ஒன்று போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் போன பிரிட்ஜின் விலையில் அது ஒரு சிறு பங்கு. அதோடு, வெயில் அடிக்கிற ஒரு நாளில் வயர்மேனைக் கூப்பிட்டு உங்கள் போர்டில் இருக்கும் நியூட்ரல் முனையையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இது எப்போதுமே போஸ்ட்டில் வருகிற கோளாறு என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு மளிகைக் கடையில் நியூட்ரல் லிங்க்கின் மூடியைக் கழற்றினேன். போஸ்ட்டிலிருந்து வரும் அலுமினியக் கம்பியும் உள்ளே போகும் செம்புக் கம்பியும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் லேசாகத் தட்டினேன், கம்பி கையோடு வந்துவிட்டது. திருகு திருகியபடியேதான் இருந்தது! மூடுபனியின் ஈரம் அந்த இணைப்பை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. அலுமினியத்தையும் செம்பையும் நேராகச் சேர்க்காமல், அதற்கென்று இருக்கும் லக் வைத்துச் சேர்க்க வேண்டும்.

கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறேன் அண்ணா. இந்த சீசனில் மட்டும் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. காயில் கட்டுகிறவர் ‘லோ வோல்டேஜ்’ என்கிறார். ஈபியில் கேட்டால் வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்கிறார்கள். யாரை நம்புவது?
*வாசகர், கேத்தி*

தம்பி, இரண்டு பேரையும் விடுங்கள், மோட்டாரையே கேட்டுப் பார்ப்போம். எரிந்த மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே காயில்களைச் சுற்றிப் பாருங்கள். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது ஓவர்லோடோ லோ வோல்டேஜோ. அப்படி இல்லாமல் சில காயில் கரியாகவும் நடுநடுவே சில காயில் புதுசு போல வார்னிஷ் மினுமினுப்போடும் இருந்தால், வேறு யோசனையே வேண்டாம், மூன்று பேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடி எரிந்திருக்கிறது. ஸ்டார் இணைப்பு என்றால் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று தப்பித்திருக்கும், டெல்டா என்றால் ஒன்று கருகி இரண்டு தப்பித்திருக்கும். காயில் கட்டுகிறவரிடம் பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி கழுவினால்தான் விடிவதற்குள் லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும், அந்த அவசரம் எனக்குத் தெரியும். அந்த அவசரத்தில்தான் இது நடக்கிறது. காற்றில் ஒரு கிளை உரசி, டிரான்ஸ்பார்மரில் ஒரே ஒரு பீஸ் (ஃபியூஸ்) போகும். நின்றுபோன மோட்டாரைப் போட்டால் அது சுற்றாமல் ‘உம்ம்’ என்று உறுமும், அப்போது கை தானாக அணைத்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது. சத்தம் கொஞ்சம் மாறும், மிச்ச இரண்டு பேஸிலும் கரண்ட் ஒன்றே முக்கால் மடங்கு வரைக்கும் ஏறும், தண்ணீர் சத்தத்திலும் ஆட்கள் பேச்சிலும் அது யார் காதிலும் விழாது. கால் மணி நேரம் போதும், வேலை முடிந்துவிடும்.

உங்கள் ஸ்டார்ட்டரில், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறதா, இருந்தால் அதை யாராவது ‘அடிக்கடி ட்ரிப் ஆகுது’ என்று நேராகக் கட்டிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த எரிந்த மோட்டார்களில் பாதிக்கு மேல் இப்படி நேராகக் கட்டப்பட்டவைதான். வோல்டேஜை மட்டும் பார்க்கிற பிரிவென்டரைவிட மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைப் பார்க்கிற வகை நல்லது, ஏனென்றால் ஒரு பேஸ் இழந்து ஓடும் மோட்டார் அந்த இல்லாத பேஸிலும் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கி முதல் வகையை ஏமாற்றிவிடும். அப்புறம் ஓவர்லோடு ரிலேயின் முள்ளை மோட்டார் பலகையில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு நேராக வையுங்கள், அதற்கு மேலே வேண்டாம். பீஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பி சுற்றியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் ஆட்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறார்கள், பாதிப் பேர் வெறும் காலோடு. மோட்டார் உடம்புக்கு எர்த் ஒன்று அல்ல, தனித்தனியாக இரண்டு கம்பி இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். லைனில், கரண்ட் கசிந்தால் தானாகக் கட் ஆகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் போனால் மறுபடி காயில் கட்டலாம் தம்பி.

பைக்காராவிலும் குந்தாவிலும் கரண்ட் எடுப்பது எங்கள் மலைத் தண்ணீரில். எங்களுக்கே மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை என்றால் எப்படி?
*வாசகர், மஞ்சூர்*

உங்கள் ஆதங்கம் நியாயமானது. பைக்காரா 1932 முதல் கரண்ட் கொடுக்கிறது, குந்தா திட்டம் கனடா நாட்டு உதவியோடு வந்தது. ஆனால் அங்கே பிறக்கும் கரண்ட் உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாக மொத்தக் கிரிட்டுக்குப் போய், அங்கிருந்துதான் சப்ஸ்டேஷன் சப்ஸ்டேஷனாக நமக்குத் திரும்புகிறது. கோளாறு பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான். 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் லைன்கள் காட்டுக்குள்ளும் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் மரத்துக்கு மரம் உரசிக்கொண்டு வருகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும், அப்படிப்பட்ட மழையில் போஸ்ட் ஊன்றிய மண்ணே நகர்ந்துவிடும்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. லைனை உரசும் கிளைகளை ஏப்ரல், மே மாதத்திலேயே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், எந்தப் போஸ்ட், எந்த மரம் என்று குறிப்பிட்டு. ஜூனில் சொன்னால் அவர்களுக்கு விழுந்த மரத்தை எடுக்கவே நேரம் போதாது.

கொடைக்கானலில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டு 78,000 ரூபாய் மானியமும் வந்தது. ஆனால் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் சோலார் சேர்ந்து அணைந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகி, கொடைக்கானல்*

இல்லை சகோதரி, ஏமாற்றவில்லை, விளக்கிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் போட்டிருப்பது ஆன்கிரிட் வகை. ஈபி லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். காரணம், லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் போஸ்ட்டில் ஏறிக்கொண்டிருப்பார். உங்கள் கூரையிலிருந்து கரண்ட் வெளியே போனால் அவர் உயிர் போகும்.

உங்களுக்கு வேண்டியது பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர். அது லைனிலிருந்து உங்கள் வீட்டைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் கரண்ட் கொடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் அதில் மாட்டாதீர்கள். லைட், வைஃபை, போன் சார்ஜர், ஒரு பிரிட்ஜ் போதும். கெய்சர் வேண்டவே வேண்டாம், 2,000 வாட் கெய்சர் ஒன்று உங்கள் பேட்டரியை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். காலையில் விருந்தினர் கேட்பது வெந்நீர், அதற்கு நம் ஊரில் எப்போதும் இருக்கிற விறகு பாய்லரைவிட நம்பகமானது இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அப்போதும் விறகு பாய்லர் வைத்திருந்தவர்கள் வெந்நீர் கொடுத்தார்கள். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கெய்சர் மாட்டுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு இணைக்க, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைச் செய்து சுவர் பாயிண்டில் குத்திக்கொள்கிறோம். மெயினை மறக்காமல் இறக்கிவிடுகிறோம். இதில் தப்பு உண்டா?
*வாசகர், பூம்பாறை*

உண்டு. உடனே அந்த வயரை வெட்டிப் போடுங்கள். ‘மறக்காமல்’ என்கிறீர்களே, ராத்திரி பதினொரு மணிக்கு மழையில், கையில் டார்ச்சோடு, உங்கள் மகனோ வேலைக்காரப் பையனோ அதைச் செய்கிற ஒரு நாள் வரும். மெயினை இறக்க மறந்த அந்த ஒரு நாள் உங்கள் 230 வோல்ட் லைன் வழியாகப் பின்னோக்கிப் போகும், டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி மேல் லைனில் ஏற்றும். நமக்காக அந்தக் குளிரில் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பவர் அதைத் தொடுவார். ஜெனரேட்டர் ஓடும்போது அந்த வயர் சுவரிலிருந்து கழன்றால் பிளக்கின் பின் கரண்ட்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தொடும் குழந்தைக்கும் அதே கதிதான்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போடுங்கள், நியூட்ரலும் சேர்ந்து மாறுகிற வகையாகப் பார்த்து. ஈபி அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றுதான் உள்ளே வர முடியும், யார் மறந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. குளிருக்கும் மழைக்கும் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில், ஷட்டருக்கு உள்ளே, கார் ஷெட்டில் வைத்து ஓட்டுபவர்கள் நம் மலையில் நிறைய. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான், தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி நாம் படிக்கிறோமே, அதே விஷம். கூரை போட்ட திறந்த இடத்தில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி வையுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கோவையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய 40 கேவிஏ ஜெனரேட்டரை வாங்கி வந்தோம். இங்கே 34, 35 கேவிஏ லோடுக்கே திணறி, கரும்புகை விடுகிறது. ரிப்பேர் என்கிறார்கள்.
*வாசகர், கோத்தகிரி*

ரிப்பேர் இருக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 விழுக்காடு சக்தி இழக்கும். உங்கள் 40 கேவிஏ அங்கே 33 அளவுக்குத்தான் தாங்கும். காற்று போதாமல் டீசல் முழுசாக எரியாததுதான் அந்தக் கரும்புகை. ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு வாங்குபவர்கள் ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். டர்போ உள்ள இன்ஜினுக்கு இழப்பு குறைவு.

இனி, எதற்குக் கரண்ட் முதலில் என்பது. உலர்த்தும் டிரையர்தான் முதலில், சந்தேகமே வேண்டாம். கரண்ட் நின்றாலும் அடுப்பில் விறகு எரிவது நிற்காது, காற்றுத் தள்ளும் ஃபேன் நின்றுவிட்டால் ஹீட்டர் குழாய் பழுக்கும், உள்ளே இருக்கிற தூள் கருகும். அடுத்து வாட்டும் தொட்டி ஃபேன்கள். குவிந்த இலை காற்று இல்லாமல் தானே சூடேறிச் சிவக்கும், உள்ளே கையை விட்டாலே தெரியும். இலையை நசுக்கி வெட்டும் சிடிசி மெஷினை நிறுத்தி வையுங்கள், அதுதான் பெரிய லோடு, இலை காத்திருக்கும். புளிக்கப் போட்ட தூள் மட்டும் காத்திருக்காது, அதை டிரையருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். பெரிய மோட்டாரை முதலில் போட்டு, அது சீராகச் சுற்றிய பிறகு அடுத்தது என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லா ஸ்டார்ட்டரும் ஆனில் இருக்கும்போது ஜெனரேட்டரை எடுக்கவே கூடாது.

மருந்துக் கடை. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டால் இன்சுலின் கெட்டுவிடுமா? ஐஸ் கட்டி வைக்கலாமா?
*வாசகர், ஊட்டி*

ஊட்டி ராத்திரிக் குளிரில் மூடிய பிரிட்ஜ் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, கதவைத் திறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. கொஞ்சம் சூடானதைவிட உறைந்துபோவதுதான் அதற்குப் பெரிய கேடு, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் ஐஸ் கட்டியை மருந்துப் பெட்டியைத் தொடும்படி வைக்கவே வைக்காதீர்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். காலையில் அளவு தாண்டியிருந்தால் அந்த மருந்தைத் தனியே எடுத்து வைத்து, கம்பெனியில் கேட்ட பிறகு விற்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் புது இன்வெர்ட்டர். கோடையில் நாலு மணி நேரம் வந்தது, மார்கழியில் மூன்று மணி நேரம்கூட வரவில்லை. பேட்டரி போய்விட்டதா?
*வாசகர், குன்னூர்*

போகவில்லை, குளிர்கிறது. உறைபனிக் காலத்தில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும், வெயில் வந்தால் திரும்பிவிடும். சிமென்ட் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், வெளிச்சுவரை ஒட்டாமல், காற்று வருகிற மாதிரி வையுங்கள். போர்வை போட்டு மூடிவிடாதீர்கள், சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். லித்தியம் வாங்குகிற யோசனை இருந்தால், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், கரண்ட் வந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரையும் உடனே போடாதீர்கள். மரம் விழுந்த லைனை சப்ஸ்டேஷனில் போட்டுப் பார்ப்பார்கள், நிற்காது, மறுபடி போடுவார்கள். வந்து போய், வந்து போய் என்று வெட்டுவது அதனால்தான். ஐந்து நிமிடம் நின்று எரிகிறதா என்று ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள். பளீரென்றும் இல்லாமல், மங்கியும் இல்லாமல், எப்போதும் போல எரிந்தால் மற்றதைப் போடலாம்.